நான் சொல்லிக்கொடுத்த பிரேக்

சாரதிப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அம்புலன்ஸ் கொட்டகைச் சுவரில் ஒட்டிய தாளில் இரண்டு பெயர்தான் விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். உங்களில் மிச்ச ஐந்து பேரும் ஏன் எழுதவில்லை என்றும் கேள்விப்பட்டேன். லைசென்ஸ் எடுத்துப் பத்து வருடம் ஆகிவிட்டதாம். கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வண்டி ஓடுவீர்களாம். மூன்று நாள் தெற்கே போய் பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றி ஓடிக் காட்ட நாங்கள் என்ன சின்னப்பிள்ளைகளா என்று ஒருவர் கேட்டாராம். யார் கேட்டது என்று தெரியும், பெயர் சொல்லமாட்டேன். ஏனென்றால் அந்தக் கேள்வியை இதே கொட்டகையில் முதலில் கேட்டவன் நான்.

ஓய்வுபெற்ற அம்புலன்ஸ் றைவரைக் கூப்பிட்டு அனுபவம் சொல்லு என்றால் அவன் என்ன சொல்லுவான்? வெள்ளத்துக்குள்ளால் வண்டியைக் கொண்டுபோன கதை, வண்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்த கதை. அவையெல்லாம் என்னிடமும் உண்டு, நீங்களும் என் வாயால் கேட்டுச் சலித்திருப்பீர்கள். இன்றைக்குச் சொல்லப்போவதை ஒருவருக்கும் சொன்னதில்லை. வாயால் சொன்னால் நடுவில் வெட்டிக் கொத்தி எனக்கு வசதியாக மாற்றிவிடுவேன் என்ற பயத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வாசிக்கும்போது நான் எங்கேயாவது நின்றால், முன்வரிசையில் இருக்கும் ஒருவர் வாங்கி மிச்சத்தை வாசித்துவிடுங்கள்.

நான் கார் ஓடப் பழகியது சண்டைக்காலம், பெற்றோல் இல்லாத காலம். தீவை விட்டு இடம்பெயர்ந்து மானிப்பாய்ப் பக்கம் ஒரு வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். எனக்குக் கார் ஓடக் காட்டித்தந்தவரும் வேலணையிலிருந்து இடம்பெயர்ந்தவர்தான். அவரிடம் அவரைவிட வயதுகூடிய ஒரு வாடகைக் கார் இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும், போகிற வழியெல்லாம் புகை கக்கும். பிரேக் எண்ணெயைக் கண்ணால் காண ஏலாத நாட்கள் அவை. அதற்குப் பதிலாக எதையெதையோ ஊற்றிச் சமாளித்தோம். முதல் மிதிக்குப் பெடல் அப்படியே அடித்தட்டு வரை போகும். காலை எடுத்து இரண்டாம் தரம் மிதித்தால் கொஞ்சம் பிடிக்கும். மூன்றாம் தரம்தான் கார் நிற்கும்.

ஒருநாள் நான் ஓட, அவர் பக்கத்தில் இருந்தார். ஒழுங்கையிலிருந்து விறகு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நேரே குறுக்கே வந்துவிட்டது. மிதித்தேன், தட்டு வரை போனது. எடுத்து மிதித்தேன், எடுத்து மிதித்தேன். முன் பம்பர் விறகில் மெல்ல முட்டி நின்றது. அவர் சுருட்டைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை.

“பிரேக்கை நம்பாதை. கெஞ்சிக் கெஞ்சிக் கேள். மூண்டாந்தரம் தரும்” என்றார்.

அந்த மனிதன் எனக்குப் பிழையாக எதையும் சொல்லவில்லை. அந்தக் காருக்கு அதுதான் சரி. அந்த ஒரு வசனத்தால் எத்தனையோ தடவை நானும், என்னோடு வந்தவர்களும் பிழைத்திருக்கிறோம். பிழை விட்டவன் நான். வாகனம் மாறியது, காலம் மாறியது, என் கால் மட்டும் அந்த மண்ணெண்ணெய்க் காருக்குள்ளேயே இருந்துவிட்டது.

இருபத்தேழு வருடம் விபத்தில்லாமல் ஓடினேன். இந்த ஆஸ்பத்திரியின் மூத்த சாரதி ஆனேன். புதிதாக வருகிறவர்களை என் பக்கத்தில் இருத்தி ஓடவிட்டு, நான் சரி என்றால்தான் தனியே நோயாளியோடு விடுவார்கள். அந்த நிலையில்தான் யூட் வந்து சேர்ந்தான்.

யூட் ஊர்காவற்றுறைப் பிள்ளை. தகப்பன், தமையன்மார் எல்லோரும் கடல் தொழில். மூத்தவன் ஒரு மாரியில் கடலுக்குப் போய் வரவில்லை. அதன்பிறகு தாய் இவனைக் கரையில் வைத்திருக்கப் படாத பாடு பட்டிருக்கிறா. படகில் கால் வைத்தால் நான் அடுப்பு மூட்டமாட்டேன் என்று சொன்ன மனுசி. இவனும் படித்தான், லைசென்ஸ் எடுத்தான், தற்காலிக நியமனத்தில் எங்களிடம் வந்தான். முதல் நாளே தாய் அவனோடு பஸ்ஸில் வந்து, ஒரு பெட்டி பனங்காய்ப் பணியாரத்தை என் கையில் தந்து, இவனை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து விடுங்கோ என்று கேட்டா. ஓம் என்றேன். பணியாரத்தை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

அவன் வந்த அடுத்த மாதம் புது அம்புலன்ஸ் வந்தது. உங்களுக்கு இப்போது அது பழசு, அப்போது அது எங்களுக்குத் தேர். ஐயரைக் கூப்பிட்டு நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். பாதர் வந்து தண்ணீர் தெளித்து மந்திரித்தார். சந்தனம், குங்குமம், மாலை, ஒன்றுக்கும் குறைவில்லை. ஒருத்தரும் செய்யாத ஒரே வேலை, வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து பார்ப்பது. அது பொலித்தீன் உறைக்குள் ஒட்டியபடியே டாஷ்போர்ட் லாச்சிக்குள் கிடந்தது.

அந்த வண்டியின் பிரேக் எங்களுடைய பழைய வண்டிகளின் பிரேக் மாதிரி இல்லை. அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. ஒருநாள் சரவணைக் கிராமத்து ரோட்டில் மண் பரவிக் கிடந்த இடத்தில் ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. கடுமையாக மிதித்தேன். காலுக்குக் கீழே பெடல் கடகடவென்று துடித்தது. பயந்து காலை எடுத்தேன். ஆடு தப்பி ஓடிவிட்டது. பெடல் ஏன் துடித்தது என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மூத்த சாரதிக்கு இது தெரியாதா என்று சிரிப்பார்கள். ஆகவே நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். பிரேக் எங்கோ இறுகப் பார்க்கிறது, அதுதான் துடிக்கிறது என்று முடிவு கட்டினேன். அடுத்த நாளே அதை யூட்டுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

“பெடல் துடிச்சுதெண்டால் உடன காலை எடும். திரும்ப அமத்தும். கெஞ்சிக் கெஞ்சிக் கேளும்” என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் புத்தகத்தில் ஒருக்கால் பார்ப்போமா என்று கேட்டான். உறையைக் கிழிக்காதையும், புதுசாகக் கிடக்கட்டும் என்றேன். எங்கள் வீடுகளில் கதிரைக்குப் போட்டு வந்த பொலித்தீனைப் பத்து வருடத்துக்குக் கழற்றாத ஆட்கள் நாங்கள். இதில் மட்டும் வேறு புத்தி எங்கிருந்து வரும்?

அந்தச் சமயத்தில்தான் இதே பயிற்சிக்கு முதல் முறையாகக் கடிதம் வந்தது. லைசென்ஸ் இருக்கிறவர்களுக்கு, அதற்கு மேலே. ஈர ரோட்டில் வண்டியைக் கட்டுப்படுத்துவது, திடீரென்று ஒன்று எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று மூன்று நாள். எங்களுக்கு ஒரு இடம். யூட் அதே நாளே விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்தான். மூத்த சாரதியின் கையெழுத்து வேண்டும்.

அப்போதுதான் நான் கேட்டேன், நீர் என்ன சின்னப்பிள்ளையோ, கூம்பைச் சுத்தி ஓடிக்காட்ட என்று. கொட்டகையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கவில்லை.

“எனக்குத் தாம்போதியில மழை பெய்யேக்க நெஞ்சு பதறுது அண்ணை. ஒழுங்காப் பழகினால் அந்தப் பதற்றம் போகுமெண்டு நினைக்கிறன்” என்றான்.

எத்தனை நேர்மையான பேச்சு! பயம் இருக்கிறது, அதற்கு வழி தேடுகிறேன் என்று சொல்கிறவனை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் சுருக்கென்றது. இவன் போய் ஒரு பத்திரத்தோடு வந்தால், நாளைக்கு என் பக்கத்தில் இருந்து நான் ஓடுவதைப் பார்க்கும்போது என்ன நினைப்பான்? நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றேன். விண்ணப்பத்தை என் மேசை லாச்சிக்குள் போட்டேன். இரண்டு தரம் கேட்டான், இரண்டு தரமும் பார்ப்போம் என்றேன். திகதி போய்விட்டது. அதுதான் எங்களுடைய ஆட்களுக்குக் கைவந்த கலை. மறுத்த பழியும் வராது, காரியமும் நடக்காது.

அது நடந்து இரண்டு மாதத்தில் மாரி தொடங்கியது. ஒரு பின்னேரம், நல்ல மழை. சுருவிலிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். இங்கே வைத்திருக்க ஏலாது, தாம்போதி தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று டொக்டர் சொன்னார். யூட்டின் முறை. பின்னால் நேசம் அக்கா ஏறினா. அவ எங்கள் ஆஸ்பத்திரியில் என்னைவிடக் கூடக் காலம் வேலை செய்த பணியாளர். நான் கொட்டகை வாசலில் நின்று, கவனமாய்ப் போம் என்று கை காட்டினேன்.

முக்கால் மணித்தியாலத்தில் தொலைபேசி வந்தது. பழைய வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

தாம்போதியின் அரைவாசியில், மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் போன ஒரு மனிதர் மழையில் சறுக்கி நடுரோட்டில் விழுந்திருக்கிறார். மணிக்கு அறுபது கிலோமீற்றரில் வந்த யூட் அவரைத் தூரத்திலேயே கண்டுவிட்டான். மிதித்தான். பெடல் துடித்தது. நான் சொன்னபடி காலை எடுத்தான். மிதித்தான், துடித்தது, எடுத்தான். ஒவ்வொரு தரம் எடுக்கும்போதும் வண்டி பாய்ந்திருக்கிறது. கடைசியில் அந்த மனிதரின் மேல் ஏறாமல் இருக்க இடது பக்கம் வெட்டினான். வண்டி கரைக் கல்லில் ஏறிக் கடலுக்குள் மூக்குக் குத்தியது.

அங்கே முழங்காலளவு தண்ணீர்தான். நான் போகும்போது அந்தப் பெண்ணை வழியில் வந்த வான் ஒன்றில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அன்றிரவே சுகமாகப் பிள்ளை பிறந்தது, பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சைக்கிள்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நேசம் அக்காவை வண்டியின் பக்கத் தகரத்தோடு தூக்கி அடித்திருந்தது. வலக்கை இரண்டு இடத்தில் முறிவு. இன்றைக்கும் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. மகள்தான் தலை வாரி இழுத்து விடுகிறாள்.

யூட் தண்ணீருக்குள் நின்றான். நெற்றியால் இரத்தம் வடிந்தது. என்னைக் கண்டதும் கரைக்கு வந்தான்.

“நீங்கள் சொன்னமாதிரித்தான் அமத்தினனான் அண்ணை” என்றான்.

குற்றம் சாட்டுகிற குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. எங்கே பிழை வந்தது என்று எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் கேட்கிற மாதிரிச் சொன்னான். சுற்றி ஆட்கள் நின்றார்கள். பொலிஸ்காரரும் வந்துவிட்டார்.

“இப்ப அதைப் பற்றிக் கதைக்காதையும்” என்றேன்.

தம்பிமார், தங்கச்சி, இவ்வளவு காலம் வண்டி ஓடினேன், நெருக்கடி என்றால் ரோட்டில் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். என் வாழ்க்கையில் வந்த பெரிய நெருக்கடி அதுதான், அந்த ஒரு நிமிடம், வண்டி நின்ற பிறகு. அதில் நான் தப்பினேன்.

அடுத்த நாள் வண்டியை இழுத்து எடுத்தார்கள். யூட் லாச்சிக்குள்ளிருந்த தன் செபமாலையையும் வேறு சாமான்களையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு போனான். நான் தாம்போதிக்குத் தனியே போனேன். பிரேக் மிதிக்கத் தொடங்கிய இடம் என்று அவன் பொலிஸுக்குக் காட்டிய வெள்ளைக் கல்லிலிருந்து சைக்கிள் விழுந்த இடம் வரை எட்டு வைத்து நடந்து எண்ணினேன். அறுபத்திரண்டு எட்டு. ஏன் எண்ணினேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து விசாரணை. ஒரு சின்ன அறை, மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நானும் யூட்டும். வெளியிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு கடைசியில் யூட்டைப் பார்த்துக் கேட்டார், இந்த வாகனத்தில் எப்படிப் பிரேக் பிடிக்க வேண்டும் என்று யாராவது உமக்குச் சொல்லித் தந்தார்களா என்று.

அறையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒரு தகடு வளைந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லை சேர். நான் பயந்திட்டன்” என்றான் யூட்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, நீங்கள் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம். விபத்தில்லாத இருபத்தேழு வருடம். என் பேரைச் சொன்னாலே எழும்பி நிற்கிற பொடியங்கள். நான் சொன்னேன், ரோட்டு நல்ல வழுக்கல் சேர், பிள்ளைக்கு அனுபவமும் காணாது என்று. பொய் சொல்லவில்லை பாருங்கள். ரோட்டு வழுக்கல்தான், அனுபவம் காணாதுதான். உண்மையை வைத்தே ஒருவனைப் புதைக்கலாம் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

யூட்டின் நியமனத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான், என்னிடமும். கை தந்தான்.

அதே பயிற்சிக்குத் திரும்பக் கடிதம் வந்தபோது எனக்கு நாலு மாதம் மிச்சம். ஓய்வுபெறப் போகிறவர் ஏன் போகிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். விபத்துக்குப் பிறகு எல்லோருக்கும் வழிகாட்ட வேண்டும் அல்லவா என்று பெரிய மனுசன் மாதிரிச் சொன்னேன். உண்மை வேறு. அந்த மழையில், அந்த இடத்தில், யாராலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று விசயம் தெரிந்த ஒருவர் எனக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் போனேன்.

பயிற்சி தந்தது ஒரு சிங்களப் பிள்ளை. முப்பது வயதுகூட இராது. எங்களுக்குக் கொஞ்சத் தமிழில் சொல்லுவாள், வராத இடத்தில் மன்னாரிலிருந்து வந்த ஒரு சாரதி மொழிபெயர்ப்பார். பெரிய சீமெந்துத் தரை. அதில் தண்ணீர் அடித்து ஈரமாக்கி, நடுவில் வெறும் காட்போட் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். யூட் வந்த அதே அறுபதில் வந்து, அவள் கொடி காட்டும் இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும். வண்டி எங்களுடைய வண்டியின் அதே இனம்.

முதல் ஓட்டம். மிதித்தேன், பெடல் துடித்தது, என் கால் தானாக எழும்பியது. பெட்டிகள் பறந்தன. ஐயா, கால் எடுக்க வேணாம் என்றாள். துடித்தால் அது வேலை செய்கிறது, இறுக மிதித்துக்கொண்டே ஸ்ரியறிங்கைத் திருப்பலாம், அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள் என்று மன்னார்க்காரர் விளங்கப்படுத்தினார். விளங்கியது என்றேன். இரண்டாம் ஓட்டம். கால் எழும்பியது. மூன்றாம் ஓட்டம், நாலாம் ஓட்டம். தலைக்கு விளங்கிவிட்டது, காலுக்கு விளங்கவில்லை. மற்றவர்கள் ஓடி முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கிறார்கள். நான் பெட்டியை இடித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. பெட்டிகளைத் தானே திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

ஏழாவது தரம் இடித்துவிட்டு என் காலைக் குனிந்து பார்த்தேன். அன்றைக்குத் தாம்போதியில் பெடலில் இருந்தது இந்தக் கால்தான் என்று அப்போது விளங்கியது. யூட்டின் கால் இல்லை. அவன் கால் புதுசு, எப்படிச் சொன்னாலும் கேட்டிருக்கும். நான் என்னுடைய பழைய காலைக் கழற்றி அவனுக்குப் பூட்டி அனுப்பியிருக்கிறேன்.

பிறகு அவள் பக்கத்தில் ஏறி இருந்தாள். மிதித்தவுடன் சத்தமாக எண்ணுங்கள், வண்டி நிற்கும் வரைக்கும் எண்ணுங்கள், எண்ணி முடியும்வரை கால் உங்களுடையது இல்லை என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெடல் துடித்தது, நான் எண்ணினேன். பெட்டியை விலத்தி ஸ்ரியறிங்கைத் திருப்பினேன், வண்டி சொன்ன சொல் கேட்டுத் திரும்பி நின்றது. இறங்கினேன். மிதித்த இடத்திலிருந்து நின்ற இடம் வரை நடந்து எண்ணினேன். முப்பத்தெட்டு எட்டு.

அறுபத்திரண்டில் முப்பத்தெட்டுப் போனால் இருபத்துநாலு. இருபத்துநாலு எட்டு மிச்சம் இருந்திருக்கிறது. சைக்கிள்காரர் எழும்பிப் பெட்டியை நிமிர்த்திக் கட்டி, யூட்டுக்கு இரண்டு ஏச்சும் ஏசிவிட்டுப் போகக்கூடிய இடைவெளி. அந்த ஈரத் தரையில் நின்று நான் அழுதேன். கடைசியில் சரியாகச் செய்துவிட்ட சந்தோசம் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த இரண்டு நாளும் நன்றாகவே ஓடினேன். மழையில், சறுக்கலில், வண்டி என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்து ஓடுவது எப்படி இருக்கும் என்று அறுபதாவது வயதில் அனுபவித்தேன். தாம்போதியில் அவ்வளவு காலமும் எனக்கு இருந்தது நம்பிக்கை இல்லை, ஒன்றும் நடக்காத பழக்கம். யூட் கேட்டது இதைத்தான். நெஞ்சு பதறாமல் ஓட வேண்டும் என்றான். மூன்று நாளில் கிடைக்கிற சாமானை நான் லாச்சிக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்து உடனே போய்ச் சொன்னேனா? இல்லை. அந்த நாலு மாதமும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிரியாவிடையில் பொன்னாடை போர்த்தினார்கள். விபத்தில்லாத சாரதி என்று பேசினார்கள், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஓய்வுபெற்று ஆறு மாதம் கழித்துத்தான் எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதி அனுப்பினேன். பிழையாகச் சொல்லிக்கொடுத்தவன் நான், அந்தப் பிள்ளையைத் திரும்ப எடுங்கள் என்று. கடிதம் கிடைத்தது, அந்த விசாரணைக் கோப்பு ஏற்கனவே முடிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. மரியாதையான பதில்.

கடிதத்துக்கு முன்னால் யூட்டைப் பார்க்கப் போன நாள் ஒன்று உண்டு, அதை விட்டுவிட்டு வாசிக்கப் பார்த்தேன். அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

ஊர்காவற்றுறையில் அவன் வீட்டுப் படலையைத் திறந்தபோது தாய் முற்றத்தில் இருந்தா. எழும்பி, வாங்கோ என்றா. அவன் எங்கே என்று கேட்டேன். கையைக் கடல் பக்கம் காட்டினா. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சமைக்கமாட்டேன் என்று சொன்ன மனுசி, வேறு என்ன செய்வா?

யூட் கரையில் நின்று ஐஸ் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கறுத்து மெலிந்திருந்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தேநீர் எடுப்பித்தான். பயிற்சிக்குப் போனதைச் சொன்னேன். ஏழு தரம் பெட்டியை இடித்ததைச் சொன்னேன். இருபத்துநாலு எட்டைச் சொன்னேன். பிழை உம்முடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். நானே பக்கத்தில் இருந்து சரியாகப் பழக்கி விடுகிறேன், வேறு இடத்தில் வேலை எடுக்கலாம் என்றும் சொன்னேன்.

“ஏலாது அண்ணை. மோட்டார் சைக்கிள்கூட இப்ப ஓடுறேல்லை. கால் வைக்க வருகுதில்லை” என்றான்.

பிறகு வீட்டுக்குள் போய் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் தந்தான். புது அம்புலன்ஸோடு வந்த புத்தகம். உறை பிரித்திருந்தது. கடலுக்குள் கிடந்தும் பொலித்தீனுக்குள் தண்ணீர் போகவில்லை, தாள் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. வண்டியை இழுத்து எடுத்த நாள் தன் சாமான்களோடு அதையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அவனுடைய தங்கச்சி இங்கிலிஷ் படிப்பிக்கிற ரீச்சர். விசாரணைக்கு முந்தின நாள் அவள்தான் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். பிரேக்கைப் பற்றிய பக்கத்தில் ஒரு தாளை மடித்து அடையாளம் வைத்திருந்தது. பெடல் துடித்தால் காலை எடுக்கவேண்டாம் என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

ஆக அந்த விசாரணை அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தபோது எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவன் தப்பியிருப்பான்.

“பிறகேன் நீர் அண்டைக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

அவன் ஐஸ் பெட்டியின் மூடியைப் போட்டு அமத்தினான்.

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான், அண்ணை.”

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்தப் புத்தகத்தைத்தான் இந்த மேசையில் வைத்திருக்கிறேன். மடித்த தாள் அப்படியே இருக்கிறது. சுவரில் ஒட்டியிருந்த பயிற்சித் தாளையும் கழற்றிக்கொண்டு வந்து அதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பேனையும் இருக்கிறது.